உடல் ஓர் ஊரில், ஊதியம் ஓர் ஊரில்

 

‘சபராளி’ என்றொரு சொல் நம் சமுதாயத்தில் உண்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிச் சென்றவர்களை நம் பாட்டிமார்கள் அவ்வாறுதான் அழைத்தார்கள். “அவங்க சபர்ல இருக்காங்க” என்று திண்ணையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் எவரும் விளக்கம் கேட்பதில்லை. 1970-களில் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தபோது கப்பல் விமானமாக மாறியது, சபர் மாறவில்லை. கடிதம் ஒலிநாடாவாயிற்று. துபாயிலிருந்து ஊர் திரும்பும் நண்பர் கையில் கொடுத்தனுப்பிய ஒலிநாடாவை டேப் ரிக்கார்டரில் ஓடவிட்டு, குடும்பமே சுற்றி அமர்ந்து அழுத காட்சியை நாற்பது வயது கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஐ.எஸ்.டி. பூத்தின் வாசலில் காத்திருந்தோம்.

அந்தச் சபரில் உடல் அயல்நாட்டில் இருந்தது, உள்ளம் வீட்டில் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் மேற்கொள்ளும் சபர் வேறு விதமானது. கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. உடல் வீட்டு மாடியறையில் இருக்கிறது. உழைப்பு மட்டும் கடல் கடந்து போகிறது. ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்று ஊரெங்கும் சொல்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இது பற்றி ஆம்பூரிலிருந்து ஒரு வாசக சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பொறியியல் படித்தவர். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் தவறாமல் வருகிறது. இப்போது நண்பர்கள் இருவருடன் தென் அமெரிக்காவுக்குச் சென்று, அர்ஜென்டினா நாட்டில் கோர்தோபா என்னும் பல்கலைக்கழக நகரில் ஓராண்டு தங்கி, அங்கிருந்தபடியே இதே வேலையைச் செய்யப் போகிறேன் என்கிறாராம். “அங்கே போயும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து இதே கம்ப்யூட்டரைத்தானே பார்க்கப் போகிறான்? அதை இங்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆயினும் மகனின் ஆசையிலும் ஒரு நியாயம் மறைந்திருக்கிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்; அவருக்கே அது தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். தென் அமெரிக்காவை நான் கண்டதில்லை, படித்து அறிந்ததுதான். ஆனால் நான் வாழும் திருவண்ணாமலையில் இந்தக் கதையின் இரு பக்கங்களையும் நாள்தோறும் காண்கிறேன். இங்கேயே பிறந்து அமெரிக்காவுக்கு உழைக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே தங்கி ஐரோப்பாவுக்கே உழைக்கும் வெள்ளையர்களும் இருக்கிறார்கள். ஆதலால் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் நம் பிள்ளைகள். இவர்கள் ஊர் திரும்பியது எப்படி? 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த இளைஞர்கள் மடிக்கணினியுடன் வீடு வந்து சேர்ந்தார்கள். அதுவரை இத்தகைய நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் பல தடைகளை வைத்திருந்தன. பதிவு, வங்கி உத்தரவாதம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். 2020 நவம்பரில் மத்திய அரசு அவற்றைத் தளர்த்தியது. இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யலாம் என்றாயிற்று. தொற்று தணிந்த பிறகு பெரிய நிறுவனங்கள் மீண்டும் அழைத்துக் கொண்டன, டி.சி.எஸ். 2023 அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்றது. ஆனால் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு நேரடியாக ஒப்பந்தத்தில் உழைப்பவர்கள் போகவில்லை. அவர்களுக்குப் போவதற்கு இங்கே அலுவலகமே கிடையாது!

இவர்களுடைய வருமானத்தைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். வருங்கால வைப்பு நிதி உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா, ‘நாளை முதல் வேண்டாம்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று பேசுகிறவர்கள் குறைவு. ஒப்பந்தத்தில் உழைப்பவர் சட்டப்படி ஊழியரே அல்லர். பெண் கொடுக்க வருகிறவர்கள் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல் இதையும் விசாரிப்பது நல்லது. இது இடையில் வந்த பேச்சு, விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் கடிகாரம்தான். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அவர்களுடைய கோடைக் கணக்கில் நமக்கு மாலை 6.30, குளிர்காலக் கணக்கில் இரவு 7.30. ஜூன் மாதத்தில் அவர்களுடைய காலைக் கூட்டமும் நம்முடைய மஃரிபும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து நிற்கின்றன. டிசம்பரில் அந்தக் கூட்டம் இஷாவோடு மோதுகிறது. மாலை 5 மணிக்கு அவர்கள் அலுவலகத்தை மூடும்போது இங்கே பின்னிரவு 2.30 அல்லது 3.30. எல்லா நிறுவனங்களும் முழு நேரத்தையும் கேட்பதில்லை. நாலு மணி நேரமாவது தங்கள் பகலோடு சேர்ந்திருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. அந்த நாலு மணி நேரம்தான் குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் நேரம், குழந்தை மடியில் ஏறும் நேரம், விருந்தினர் வரும் நேரம்.

எங்கள் மதரஸாவை ஒட்டினாற்போல் அத்தகைய இளைஞர் ஒருவரின் வீடு இருக்கிறது. பஜ்ருக்குப் பிறகு எங்களிடம் அறுபது பிள்ளைகள் ஓதுவார்கள். அறுபது பிள்ளைகள் சேர்ந்து உரக்க ஓதினால் எப்படியிருக்கும் என்பது தெரிந்ததே; அந்த ஓசைதான் ஒரு காலத்தில் எங்கள் தெருவை எழுப்பியது. ஒரு நாள் மாலை அந்த இளைஞர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் தயங்கி நின்றார். “ஹஜ்ரத், கோபிச்சுக்கக் கூடாது. நான் படுக்கிறதே நாலு மணிக்கு. அஞ்சரைக்கு எழுந்து தொழுதுட்டு மறுபடி கண்ணை மூடுறேன். ஆறரைக்குப் பிள்ளைங்க சத்தம்...” என்று இழுத்தார். பிள்ளைகள் ஓதுவதை நிறுத்தச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொல்லாமலிருக்க உடம்பு விடவில்லை. மறுவாரம் பிள்ளைகளைக் கீழ்ப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றி உட்கார வைத்தோம். ஓசை சற்றே குறைந்தது. அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு அவருடைய தாயாரிடமிருந்து என் மனைவி தெரிந்துகொண்ட செய்திகள் இன்னும் பல. அந்த வீட்டில் பகல் 11 மணிவரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அழைப்பு மணியின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இரண்டு வயதுப் பேத்தியைக் காலையில் எதிர்வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிடுவார்கள். வீட்டுக்கு வரும் பெண்களிடம் தாயார் விரலை உதட்டில் வைத்தபடி, “புள்ள தூங்குது” என்பாராம். முப்பது வயதுப் பிள்ளை! மருமகளோ கணவர் எதிரிலேயே இருந்தும் சபராளியின் மனைவியாக வாழ்கிறாள். கணவர் துபாயில் இருந்தால் வீட்டில் உரக்கச் சிரிக்கவாவது செய்யலாம் என்று அவள் வேடிக்கையாகச் சொன்னதைக் கேட்டுப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆம்பூர்ச் சகோதரியே! உங்கள் மகன் தேடிப்போவது இந்த இரவைத்தான் என்று நான் எண்ணுகிறேன். உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். தென் அமெரிக்கா, வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்குகிறது. சூரியன் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வேளையில் உதிக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணியாகும்போது கோர்தோபாவில் 10 அல்லது 11 மணி, அவ்வளவே வேறுபாடு. அங்கே அமர்ந்து அமெரிக்காவுக்கு உழைப்பவர் பகலில் உழைத்து, மாலையில் வெளியே நடந்து, இரவில் உறங்குகிறார். இந்த உண்மையை நம் நாட்டு நிறுவனமே எப்போதோ கண்டுகொண்டது. டி.சி.எஸ். 2002-ஆம் ஆண்டிலேயே அர்ஜென்டினாவுக்கு அண்டை நாடான உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் ஒரு மையம் திறந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் விழித்திருக்கும்போது தானும் விழித்திருக்கும் ஆட்கள் வேண்டும் என்பது அதற்கொரு முக்கியக் காரணம்.

ஆகவே ‘இதே கம்ப்யூட்டரைத்தானே’ என்ற உங்கள் வாதத்துக்கு மகனின் தரப்பில் விடை இதுதான்: கணினி அதேதான், வானம் வேறு.

இனி அந்த ஊரைப் பற்றிச் சிறிது. கோர்தோபா என்னும் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. ஸ்பெயினில் நாம் ‘குர்துபா’ என்று அறிந்திருக்கும் அதே பெயர்தான். 1573-இல் ஸ்பானியர் அந்நகரை நிறுவியபோது ‘புதிய அந்தலூசியாவின் கோர்தோபா’ என்றே பெயரிட்டார்கள். பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது; வேறு தொடர்பு ஏதும் தேட வேண்டாம். அதன் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1613 என்று கணக்கிடுகிறது. இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்கிறார்கள். பாடத்திட்டமும் நிர்வாகமும் மாற வேண்டும் என்று 1918-இல் அங்கே மாணவர்கள் தொடங்கிய கிளர்ச்சி, தென் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றையும் மாற்றியமைத்தது. 1949 முதல் அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மகன் தங்கப் போவது இத்தகைய ஊரில். சந்தையில் வாங்கிய சாதாரண ஊரில் அல்ல.

இன்னொரு செய்தி. எங்கள் மாவட்டத்தில் வேர்க்கடலையை ‘மல்லாட்டை’ என்போம். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டையாயிற்று. பெயரில் மணிலா இருந்தாலும் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினாவில் அதைப் பெருமளவில் விளைவிக்கும் மாகாணம் எது தெரியுமா? கோர்தோபாதான். வந்தவாசிப் பக்கத்து விவசாயி ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலே வயலைப் பார்த்துப் பேசிக்கொள்வார். நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம், அங்கே ஏறக்குறையக் கிழக்கு நோக்கித் தொழ வேண்டும் என்பதையும் உங்கள் மகனுக்கு நினைவூட்டுங்கள்.

‘அங்கே செலவு குறைவு’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். இதில் கவனம் தேவை. 2023-இல் அர்ஜென்டினாவில் விலைவாசி ஓராண்டில் 211.4 விழுக்காடு ஏறியது. நூறு ரூபாய்ப் பொருள் ஆண்டு முடிவில் முந்நூற்றுப் பதினொன்று என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்நாட்டுப் பணமான பெசோவின் மதிப்பு சரிந்துகொண்டே போனதால் டாலரில் சம்பாதித்தவர்கள் அங்கே அரசர்களைப் போல வாழ்ந்தார்கள். அந்தக் காலத்துக் கதைகள்தாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பரில் புதிய அரசு வந்தபின் நிலைமை திரும்பியது. 2024-இலும் விலைகள் 117.8 விழுக்காடு ஏறின; டாலரின் மதிப்போ அந்த வேகத்தில் ஏறவில்லை. விளைவு, டாலர் கொண்டு போனவர்களுக்கே அந்நாடு விலை உயர்ந்த நாடாயிற்று. மலிவை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பவன் ஓடும் பேருந்தின் நிழலில் பாய் விரிப்பவனைப் போன்றவன்.

அந்த மலிவு யாருடைய கண்ணீரால் வந்தது என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். பேராசிரியரின் சம்பளம் பெசோவில். கிராமத்திலிருந்து படிக்க வந்த மாணவனின் தந்தை அனுப்பும் பணமும் பெசோவில். 2024 ஏப்ரலில் அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதியைக் காக்கக் கோரி அந்நாடெங்கும், கோர்தோபாவிலும், மாபெரும் ஊர்வலங்கள் நடந்தன. அந்த ஊர்வலத்தில் போகும் மாணவனுக்கு அடுத்த அறையில், டாலரில் வாடகை தரும் மூன்று வெளிநாட்டு இளைஞர்கள்! வீட்டுக்காரர் யாரை விரும்புவார் என்று சொல்ல வேண்டுமா?

இதைச் சொல்வதற்கு நான் அர்ஜென்டினா வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் செங்கம் சாலைக்கு வாருங்கள். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள ரமணா நகரிலும், அதற்கப்பால் கிரிவலப் பாதையை ஒட்டிய கிராமங்களிலும், நவம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டவர் நிறைந்திருப்பார்கள். சித்திரை வெயில் தொடங்கியதும் பறவைகளைப் போலக் கலைந்துவிடுவார்கள். முன்பு வந்தவர்கள் தியானத்துக்கு வந்தார்கள், கையிருப்பு தீர்ந்ததும் ஊர் திரும்பினார்கள். இப்போது வருகிறவர்களில் சிலர் கையில் மடிக்கணினி இருக்கிறது. காலையில் தியானம், பிற்பகலில் ஐரோப்பாவுடன் வேலை. அவர்களுக்குக் காலக் கணக்கு நம் பிள்ளைகளைப் போல வதைப்பதில்லை. ஜெர்மனியின் காலை 9 மணி குளிர்காலத்தில் நமக்குப் பகல் 1.30 தான்.

அவர்களால் ஊருக்கு வருமானம் உண்டு, மறுக்கவில்லை. சமையல் செய்யும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பால்காரர், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர் என்று பல அடுப்புகள் எரிகின்றன. ஆனால் அதே பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு வீடு தேடினால் படும் பாட்டையும் நான் கண்டிருக்கிறேன். ‘ஆறு மாதம் வெள்ளைக்காரர் இருந்தால் போதும், மீதி ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் நஷ்டமில்லை’ என்று ஒரு வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கும் தெருவில், விளக்கேற்ற ஒரு குடும்பத்துக்கு இடமில்லை. 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட எங்கள் ஊர் இதைப் பற்றி இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

அந்த வெளிநாட்டவர் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் சொல்ல மாட்டேன். 1935-இல் சாட்விக் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி வந்தார். 1962-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ரமணரின் எழுத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற மற்றோர் ஆங்கிலேயர் குடும்பத்தோடு குடியேறி, 1964-இல் ஆசிரமத்திலிருந்து ஓர் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். எழுதுவது திருவண்ணாமலையில், படிப்பவர்கள் உலகெங்கும். இடையில் இணையம் இல்லை, தபால் நிலையம் இருந்தது. ஒரு வகையில் தொலைவிலிருந்து வேலை செய்வதில் அவர் இன்றைய இளைஞர்களுக்கு மூத்தவர்! இன்று வருபவர்களிலும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஓர் அம்மையாரை அறிவேன்; காய்கறிக்காரியின் மகளுக்குப் பிரசவம் எப்போது என்பது வரை அவருக்குத் தெரியும். அவருக்கு அடுத்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக வந்துபோகும் ஒருவருக்கு வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. இருவரும் தரும் வாடகை ஒன்றுதான்.

நம் மார்க்கச் சட்டத்தில் பயணிக்கு முஸாஃபிர் என்றும் ஊரில் தங்கியவருக்கு முகீம் என்றும் பெயர். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. ஆனால் ஓர் ஊரில் பதினைந்து நாள் தங்க எண்ணிவிட்டால் ஹனஃபி மத்ஹபில் அவர் முகீம். ஷாஃபி மத்ஹபில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே போதும். கவனியுங்கள்: ஊர் மொழி தெரிந்த பிறகு என்றோ, வீடு வாங்கிய பிறகு என்றோ சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ஊர்க்காரனின் கடமை வந்து சேர்ந்துவிடுகிறது. ஓராண்டு தங்கப் போகிற ஒருவர் ‘நான் இங்கே வெறும் பயணிதானே’ என்று தோளைக் குலுக்கிக்கொள்ள இடமே இல்லை.

நம் பழைய சபராளிகள் இதை அறிந்திருந்தார்கள். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசலையும் எழுப்பியவர்கள் கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். பிழைக்கப் போன ஊரில் அவர்கள் மலாய் பேசினார்கள், அக்கம்பக்கத்தாரின் கல்யாணத்துக்கும் மையித்துக்கும் போனார்கள், கிணறு வெட்டினார்கள். அவர்களுக்கு அந்த ஊர்க் கடைத்தெருவில் இறங்கி ஆட்களோடு பேசாமல் ஒரு நாள் பிழைப்புக்கூட நடந்திருக்காது. மடிக்கணினிக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலாளி வேறு நாட்டில், வங்கி வேறு நாட்டில், உணவு கைபேசியில் கேட்டால் வாசலுக்கு வருகிறது. ஒரு வார்த்தை ஸ்பானிய மொழி பேசாமலே கோர்தோபாவில் ஓராண்டைக் கழித்துவிடலாம். மூன்று ஆம்பூர் இளைஞர்கள் ஒரே அறையில் இருந்தால் அது இன்னும் எளிது. அப்போது, சகோதரி, உங்கள் கேள்வி முழுக்க முழுக்க உண்மையாகிவிடும்: அங்கே போயும் அதே அறை, அதே கணினி.

விசா பற்றி எழுதாமல் விட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள். எங்கள் ஊருக்கு வரும் ஐரோப்பியர் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் சுற்றுலா விசா பெற்று வந்துவிடுகிறார். அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. தொலைவிலிருந்து உழைப்பவர்களுக்கென்று தனி விசா நம் நாடு இன்னும் ஏற்படுத்தவில்லை. அர்ஜென்டினா 2022-இல் ஏற்படுத்தியது. ஆறு மாதம், நீட்டித்தால் மேலும் ஆறு மாதம். ஆனால் அது சுற்றுலாவுக்கு விசா தேவைப்படாத நாடுகளின் மக்களுக்கென்று வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு அந்தப் பட்டியலில் சேராது. நண்பர்கள் இதைச் சொன்னார்களா என்று மகனைக் கேளுங்கள். பக்கத்து நாடான பிரேசில் 2022 ஜனவரியில் கொண்டுவந்த விசாவில் மாதம் 1,500 அமெரிக்க டாலர் வெளிநாட்டு வருமானத்தைக் காட்டினால் ஓராண்டு தங்கலாம். எதுவாயினும் அந்தந்தத் தூதரகத்தில் நேரில் விசாரித்த பிறகே பயணச் சீட்டு வாங்க வேண்டும். சுற்றுலா என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே வேலை செய்வது பொய் சொல்லிக் கதவைத் திறப்பதாகும். அதற்கு நான் துணை வரமாட்டேன்.

அவர் போகவில்லை என்று முடிவானால் உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்தபடி பகலில் உழைக்க வழி தரும் ஐரோப்பிய, வளைகுடா, சிங்கப்பூர் நிறுவனங்களைத் தேடும்படி சொல்லுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் மறுக்காதீர்கள். நம் மண்ணிலேயே இதற்கு இடம் உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. அங்கே இளைஞர்கள் வீட்டை விட்டுக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறார்கள். அதுவும் கிடைக்காமல் இரவு வேலைதான் தொடரும் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அவருடைய மஃரிபு நேரத்தை நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கி, அன்று எல்லோரும் ஒரே தஸ்தர்கானில் உட்காருங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர் கேட்டு வாங்கியிருக்கிறார். புதன்கிழமைகளில் அவருடைய மகள் அவர் தோளில் ஏறிக்கொண்டு மதரஸா வாசல்வரை வருகிறாள்.

போவது என்று முடிவானாலோ, தடுக்காதீர்கள். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே ஸ்பானியம் படிக்கத் தொடங்கட்டும். நண்பர்கள் மூவரும் ஒரே வீட்டில் தங்காமல், உள்ளூர் மாணவர் இருக்கும் வீட்டில் ஆளுக்கோர் அறை எடுக்கட்டும். வாடகையை அவ்வூர் மாணவர் தருவதற்கு மேல் உயர்த்திக் கொடுக்க வேண்டாம். ‘மாட்டே’ என்றொரு மூலிகைப் பானத்தை அங்கே ஒரே குடுவையில் சுற்றிலும் கைமாற்றிக் குடிப்பார்களாம். நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் பஜ்ரு தொழுது முடிக்கும் அதிகாலை 5.30 அங்கே முந்தைய நாள் இரவு 9 மணி; அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம். அப்போது பேசுங்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு, யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். முதல் மாதம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தார் நாலு பேரின் பெயரை அவர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களை எனக்கும் எழுதியனுப்புங்கள்.